மீண்டும் பச்சைப் பொத்தான்

3 நவம்பர் 2024, ஞாயிறு

தீபாவளிக்கு வந்திருந்த பிள்ளைகள் ஊர் திரும்பிவிட்டார்கள். மதுரை வீடு பழைய அமைதிக்கு வந்துவிட்டதால், நிரம்பி வழிகிற ஹார்டு டிஸ்க்கைக் கொஞ்சம் ஒழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். படங்களை, எடுத்த தேதியையே பெயராக வைத்துத் தனித்தனிக் கோப்புறைகளில் போட்டுவைப்பது என் பல ஆண்டுப் பழக்கம். ஆகையால் எந்த ஆண்டில் எத்தனை நாள் கேமராவோடு வெளியே போனேன் என்பதைக் கோப்புறைகளை எண்ணியே சொல்லிவிடலாம். விளையாட்டாகத்தான் எண்ணத் தொடங்கினேன். 2013-இல் 64 நாள். படங்கள் 3,100 சொச்சம். 2023-இல் 11 நாள்; படங்களோ 9,000-ஐத் தாண்டியிருந்தன.

2013-இல் என் கையில் இருந்தது பென்டாக்ஸ் கே-5. 2023-இல் இருந்தது சோனி ஏ7 III. வேலை, வயது, சோம்பல் என்று காரணம் சொல்ல நிறைய இருக்கிறது. 2013-இல் எனக்கு முழங்கால் வலி கிடையாது என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு எண்கள் தூங்கவிடவில்லை.

10 நவம்பர் 2024, ஞாயிறு

சோனிக்கு ஏன் போனேன் என்பதை நேர்மையாக எழுதிவைக்க வேண்டும். 2019-இல் அக்காள் மகளின் திருமணத்தில், மண்டபத்துக் கலவையான விளக்கொளியில், ஓடியாடும் குழந்தைகளைக் கே-5-ஐக் கொண்டு பிடிக்க முடியாமல் திணறினேன். 2010-இல் வெளிவந்த அந்த கேமராவுக்கு, படத்தைத் தானாகக் கூர்மையாக்க உதவும் ஃபோகஸ் புள்ளிகள் 11. 2018-இல் வந்த ஏ7 III-க்கு 693. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது வண்டிமாட்டையும் ரயிலையும் பந்தயத்தில் விடுவதைப் போன்றதுதான். வாங்கிய முதல் வாரமே, கண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, ஆள் நகர்ந்தாலும் விடாமல் பற்றிக்கொண்டு போகிற அதன் திறமையைக் கண்டு மலைத்துப்போனேன். இன்றும் அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சொன்ன வேலையை எல்லாம் சொன்னபடி செய்தது.

குறை என்னிடம் விளைந்தது. இன்று அந்த 11 நாள் கோப்புறைகளையும் திறந்து முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் ஒரு முகம்; அந்த முகத்தில் கூர்மையாக ஒரு கண்; பின்னால் வெண்ணெயாய் உருகிப்போன ஏதோ ஒன்று. சுவர் இல்லை, மரம் இல்லை, தூணின் நிழல் இல்லை, மழை விட்ட தெரு இல்லை. கேமரா எதை எளிதில் பிடித்துத் தருமோ அதையே நானும் தேடிப் போயிருக்கிறேன். கருவியின் கெட்டிக்காரத்தனம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கண் தானாகச் சாய்ந்துவிடும் என்பது, ஐந்து ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று எடை. பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, 650 கிராம்தான். ஆனால் அதற்கென்று ஆசைப்பட்டு வாங்கிய 24-70 எஃப் 2.8 லென்ஸ் 886 கிராம். ஒன்றரைக் கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர் யாரும் இல்லை. கே-5-ஐ நான் பால் வாங்கப் போகும்போதும் எடுத்துப்போனேன்.

17 நவம்பர் 2024, ஞாயிறு

இடையில் ஒரு ஃபியூஜிஃபில்ம் வாழ்க்கையும் உண்டு. நண்பர் ஒருவர் வெளிநாடு போயிருந்தபோது அவருடைய எக்ஸ்-டி3 மூன்று மாதம் என்னிடம் இருந்தது. ஷட்டர் வேகத்துக்கு ஒரு வட்டு, ஐஎஸ்ஓவுக்கு, அதாவது ஒளியுணர்வுக்கு, ஒரு வட்டு, லென்ஸைச் சுற்றி, ஒளி புகும் துளையை மாற்றுகிற அபெர்ச்சர் வளையம். தொட்டுத் தொட்டு மகிழ வேண்டிய பொருள். அதிலேயே நின்றிருக்கலாம். ஆனால் கண் வைத்துப் பார்க்கிற அதன் மின்னணு வியூஃபைண்டரில், எடுக்கப்போகிற படம் வெளிச்சமும் நிறமும் சரிசெய்யப்பட்டு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பலருக்கு அது வரம். எனக்கோ, எடுத்து முடித்த படத்தை மறுபடி ஒருமுறை எடுப்பதாகவே தோன்றியது. நண்பர் வந்ததும் வருத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

23 நவம்பர் 2024, சனி

கோயம்புத்தூர் போய்வந்தேன். பழைய கே-5 ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, விற்பவரிடம் இரண்டு நாள் பேசி, காலைப் பேருந்தில் கிளம்பினேன். என்னுடைய பழைய கே-5-ஐ 2019-இல் விற்றபோது கிடைத்த தொகையைவிட ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து வேறொருவருடைய கே-5-ஐ வாங்கியிருக்கிறேன் என்பதை மனைவியிடம் இன்னும் விளக்கமாகச் சொல்லவில்லை.

பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் பார்த்தவற்றை எழுதுகிறேன். பென்டாக்ஸின் படக் கோப்புக்குள்ளேயே ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற கணக்குப் பதிவாகியிருக்கும். மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோனதால் அங்கேயே பார்த்தேன், 31,000. இந்த ஷட்டர் 1,00,000 இயக்கங்களுக்கு உறுதியளிக்கப்பட்டது. வெள்ளைச் சுவரை எஃப் 16-இல், அதாவது லென்ஸின் துளையை நன்றாகச் சிறிதாக்கி, எடுத்து சென்சாரில் கறை தெரிகிறதா என்று பார்த்தேன். இரண்டு தூசுகள், துடைத்தால் போய்விடும். பிடியின் ரப்பர் உப்பவில்லை. இரண்டு வட்டுகளையும் ஐம்பது முறையாவது சுழற்றினேன். ஓர் எண்ணைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை. கடைசியாக ஷட்டரை அழுத்தினேன். கே-5-இன் ஷட்டர் ஓசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், படம் எடுக்கும்போது உள்ளே கண்ணாடி எழுந்து விழுகிற கேமராக்களில் இவ்வளவு அடக்கமான ஓசை அரிது. பஞ்சு மெத்தையில் சாவிக்கொத்து விழுவதைப் போல. விற்றவர் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் அதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

1 டிசம்பர் 2024, ஞாயிறு

பாடியை விற்றபோதும் விற்காமல் அலமாரியில் கிடந்தது மாமாவின் 50 மிமீ எஃப் 1.7 லென்ஸ். அதற்கு யாரும் நல்ல விலை தர முன்வராததே அது தப்பியதற்குக் காரணம் என்பதையும் எழுதிவிடுகிறேன். எண்பதுகளில் வளைகுடாவில் வேலை பார்த்த மாமா ஒரு பென்டாக்ஸ் கே1000-ஐயும் இந்த லென்ஸையும் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக் காதுகுத்து, திருமணம், வளைகாப்பு எல்லாம் அதில் பதிந்தவை. 1976 முதல் 1997 வரை தயாரான கே1000-இல் பேட்டரி ஒளிமானி முள்ளுக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும்.

அந்த லென்ஸ் இந்த கேமராவில் எந்த இடைவளையமும் இல்லாமல் பொருந்துகிறது. 1975-இல் பென்டாக்ஸ் கொண்டுவந்த கே மவுண்ட்டில், லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரம் 45.46 மிமீ. ஃபிலிம் போய் சென்சார் வந்த பிறகும் அந்தத் தூரத்தை மாற்றவில்லை. அதற்கும் முந்தைய, திருகிப் பொருத்துகிற 42 மிமீ மவுண்ட்டின் தூரமும் அதுவேதான். ஆகவே மெல்லிய வளையம் ஒன்று இருந்தால் அறுபதுகளில் வந்த பென்டாக்ஸின் டகுமார் லென்ஸ்களும் தொலைதூரம் வரை ஃபோகஸ் ஆகும். சோனியின் தூரம் 18 மிமீ என்பதால், மிச்சமுள்ள 27.46 மிமீட்டரை நிரப்ப ஒரு குழாயை மாட்டி இதே லென்ஸை அதிலும் பயன்படுத்தியிருக்கிறேன். ஃபோகஸ் ஆகிற விளிம்புகளைச் சிவப்பாகக் காட்டும் வசதி அதில் உண்டு. சற்று நேரத்தில் எதிரில் இருக்கிற மனிதரை விட்டுவிட்டுச் சிவப்பு எங்கே என்று மட்டும் தேடத் தொடங்கிவிடுவேன்.

இந்த லென்ஸில் மின்தொடர்பு எதுவும் கிடையாது. ஆகவே கேமராவை முடுக்கிய உடனே, "குவியத்தூரம் எவ்வளவு?" என்று திரையில் அது கேட்கிறது, சென்சாரை அசைத்து நடுக்கத்தைச் சமன்செய்ய அந்த எண் அதற்கு வேண்டும். 50 என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினால், லென்ஸின் இலைகள் ஒரு கணம் சுருங்கி விரிந்து, கேமரா ஒளியை அளந்து ஷட்டர் வேகத்தைத் தானே வைத்துக்கொள்ளும். அதை ஏற்பதும் வட்டைச் சுழற்றி மாற்றுவதும் என் விருப்பம். ஐந்து ஆண்டுக்குப் பிறகும் வலது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையும் மறக்கவில்லை. மூளைதான் மெனுவில் தடுமாறியது. வளையமுள்ள லென்ஸை அனுமதிக்கிற தேர்வு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

15 டிசம்பர் 2024, ஞாயிறு

விடியற்காலையில் கீழக்குயில்குடிச் சமணர் மலை. தாமரைக் குளத்துக்கும் ஆலமரங்களுக்கும் நடுவே அய்யனார் கோயில். அதன் பக்கத்திலிருந்து படிகள் ஏறுகின்றன. முழங்காலுக்காக மெதுவாக ஏறினேன். பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களையும், கீழே இருக்கிற வட்டெழுத்தையும் இதற்கு முன் பலமுறை எடுத்திருக்கிறேன். ஆனால் சோனி வைத்திருந்த ஐந்து ஆண்டில் ஒருமுறைகூட இங்கே வரவில்லை என்பது கோப்புறைகளைப் பார்த்துத்தான் உறைத்தது. கல்லில் செதுக்கிய முகத்தில் அதற்குப் பிடிக்கக் கண் ஏது!

புடைப்புச் சிற்பத்துக்குச் சாய்ந்த வெயில் வேண்டும். நேர்வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். வெயில் பக்கவாட்டில் உரசிப்போகும் சில நிமிடங்களில்தான் தீர்த்தங்கரரின் தலைக்கு மேலுள்ள முக்குடையின் விளிம்பும் மடித்த முழங்கால்களும் பாறையை விட்டு எழுந்து வரும். கண்ணாடி வியூஃபைண்டரில் வெறும் வெளிச்சம் தெரிகிறதே ஒழிய, படம் எப்படி வரும் என்று தெரிவதில்லை. நிழல் எவ்வளவு கறுக்கும், பாறையின் வெளுத்த பகுதி எங்கே வெந்துபோகும் என்பதை நானே ஊகிக்க வேண்டும். வெளுத்த பகுதியைக் காப்பாற்ற ஐஎஸ்ஓ 80-இல் வேண்டுமென்றே ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுத்தேன். கே-5-இன் சென்சார் குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டுக்குள் விவரத்தைப் பதுக்கிவைப்பதில் பெயர் பெற்றது. வீட்டுக்கு வந்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா கோப்பில் நிழலை உயர்த்தியபோது, பாறையின் உளித்தடங்கள் அழுக்கில்லாமல் மேலே வந்தன.

மூன்று மணி நேரத்தில் 41 படங்கள். அவற்றில் பன்னிரண்டு ஃபோகஸ் தவறியவை. எல்லாமே எஃப் 1.7-இல் திறந்துவைத்து எடுத்தவை. இக்கால வியூஃபைண்டர்த் திரை, கையால் ஃபோகஸ் செய்வதற்கென்று வடிவமைத்ததன்று என்பதை மறந்ததன் விலை. எஃப் 4-க்கு வந்ததும் எல்லாம் கூர்மை.

5 ஜனவரி 2025, ஞாயிறு

சோனியும் அதன் பெரிய லென்ஸும் இன்று விடைபெற்றன. அலுவலகத்துத் தம்பி வாங்கிக்கொண்டார். கைக்குழந்தை இருக்கிற வீடு, சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டே, "என்னண்ணே, எல்லாரும் முன்னாடி போறாங்க, நீங்க மட்டும் ரிவர்ஸ் கியரப் போடுறீங்க?" என்றார். பதில் சொல்லச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. குழந்தையைப் படம் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/250-க்குக் கீழே விடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மாலையில் வைகைக் கரைப் பக்கம் சைக்கிளில் வருகிறவர்களை எடுத்துப் பார்த்தேன். ஓடுகிறவற்றைக் கே-5-இல் பிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு: கையால் ஃபோகஸ் செய்கிற லென்ஸை ஒரு தூரத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு ஷட்டரை அழுத்தியபடியே காத்திருந்தால், ஆள் அந்தத் தூரத்துக்கு வந்து சேர்ந்து ஃபோகஸ் ஆகிற கணத்தில் கேமரா தானே சொடுக்கிக்கொள்ளும். தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பதைப் போன்ற சுகம். பத்து சைக்கிளுக்கு நான்கு மீன். சோனியாக இருந்தால் பத்தும் சிக்கியிருக்கும், மறுக்கவில்லை. அடுத்த திருமணத்துக்கு யாராவது என்னைப் படம் எடுக்கச் சொன்னால், சாப்பிட மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

லென்ஸைக் கைவிளக்கு வெளிச்சத்தில் சோதித்தேன். ஓரத்தில் இருந்த பூஞ்சை இழை பெரிதாகவில்லை. இறுக மூடுகிற டப்பா, அடியில் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பதமானி. 45 சதவீதத்தில் நிற்கிறது. அரிசி டப்பாவில் போட்டுவைக்கும் பழைய யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். அரிசி மாவு லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும்.

சபலம் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். 1997-இல் வந்த 43 மிமீ எஃப் 1.9 லிமிடெட் லென்ஸின் விலையை இரவு பதினொரு மணிக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். 36-க்கு 24 மிமீ என்கிற ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டத்தைக் கணக்கிட்டால் 43.27 வரும், அதையே குவியத்தூரமாக எடுத்துக்கொண்டு செய்த லென்ஸ் அது. எடை 155 கிராம். கே-5-இன் சிறிய சென்சாரில் அந்த மூலைவிட்டக் கணக்குப் பொருந்தாது என்று எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டு மடிக்கணினியை மூடினேன்.

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

தைப்பூசம், தெப்பத் திருவிழா. அரை நாள் விடுப்பு. மாமாவையும் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனேன். கூட்டத்தில் நெருக்குண்டு, குளத்தின் சுற்றுச்சுவரோரம் ஓர் இடம் பிடித்தோம். ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, 1/30 நொடி. தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி மெல்ல நகர்வதால் அந்த வேகத்துக்குத் தாங்கும். கரையில் வடம் பிடிக்கிறவர்களின் கைகள் மட்டும் கலங்கலாக வந்தன, அது நன்றாகவே இருந்தது. முகங்கள் பல இருட்டில் போயின. நீரில் விழுந்த விளக்குகளைக் குத்துச் சட்டத்தில் வைத்து ஏழெட்டுப் படம் எடுத்தேன். வீட்டில் பார்த்தபோது இரண்டு தேறின.

கேமராவை மாமாவிடம் கொடுத்தேன். தம் லென்ஸை அடையாளம் கண்டு, ஃபோகஸ் வளையத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணில் வைத்தார். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "என்ன மாப்ள, லென்ஸ் நம்மளுது, ஜன்னல மட்டும் சின்னதாக்கிட்டான்!" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. கே1000-இன் வியூஃபைண்டர் முழு ஃபிலிம் சட்டத்தை 0.88 மடங்கில் காட்டும், கே-5-இனுடையது 0.92 என்று எழுதியிருந்தாலும், சட்டமே ஒன்றரை மடங்கு சிறியது என்பதால் அதே அளவுகோலில் 0.61 அளவில்தான் நிற்கும். முழு அளவுச் சென்சாரோடு 2016-இல் வந்த கே-1-இல் அது 0.70. இதை மாமாவுக்கு விளக்கிக்கொண்டே ஆட்டோவில் வந்தேன். "அப்ப அத வாங்க வேண்டியதுதான?" என்று கேட்டுவிட்டு, அவர் தெற்குவாசலில் இறங்கிக்கொண்டார்.

மணி பதினொன்றரை. படங்களை ஏற்றியாயிற்று. கே-1-இன் விலையை இன்னும் பார்க்கவில்லை.