கொலுசுப் பட்டறை ஆப்புக்கு பேர் மாத்துன கதை

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்காக ஒரு ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லாருக்கும் தொறந்து கெடக்குற) பில்லிங் ஆப்பை எடுத்து, எடை, டச்சு (வெள்ளியோட சுத்தம்), கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்துக் கொடுத்துட்டு இருந்தேன், பேருக்கு முன்னாடி சேலம்னு ஒட்டுனதோட சரி, லோகோ கூட அத செஞ்ச கம்பெனியோடதுதான். யார் வேணா எடுத்து மாத்திக்கலாம்னு சொல்ற ஜிபிஎல் லைசென்ஸ்தானே, என்ன வந்துரப்போகுதுன்னு இருந்தேன். ஒருநாள் அந்தக் கம்பெனி மெயில் வந்துச்சு, சோர்ஸ் கோட் வெச்சுக்கோங்க, பேரும் லோகோவும் எங்க ட்ரேட்மார்க், எடுத்துருங்கன்னு.

செம கடுப்பு. அந்த ஆப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு பண்ணதே நாந்தாங்க, காசு வாங்காம. இந்த ஊர்ல நாலு பேருக்கு அந்தப் பேர் தெரியுதுன்னா நான் பட்டறை பட்டறையா ஏறி எறங்குனதுதான் காரணம். வக்கீல் ஃப்ரெண்டு கிட்ட பொலம்புனா, லைசென்ஸ் காப்பிரைட்டுக்குடா, பேருக்கு இல்லன்னு சிரிக்கிறான். தேடிப் பாத்தா பெரிய ஆளுங்களுக்கே இதே கதி, லோகோ, பேட்ச் (கோட் திருத்தம்) அப்ரூவல் தகராறுல டெபியன்ங்கிற லினக்ஸ்காரங்க 2006ல ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர ஐஸ்வீசல்னு மாத்தி 2016 வரைக்கும் அப்படியே ஓட்டிருக்காங்க, ஹட்சன்ங்கிற சாஃப்ட்வேர் 2011ல ஜென்கின்ஸ் ஆனதும் ஆரக்கிள் கம்பெனியோட பேர் தகராறுலதான்.

சரின்னு மாத்த உக்காந்தேன். ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டதுல அவங்க காப்பிரைட் வரியையும் சேர்த்து அழிச்சுட்டேன், அது இருந்தே ஆகணும், பழைய கோடெல்லாம் சேமிச்சு வெக்கிற கிட்ல (Git) இருந்து திரும்ப எடுத்தேன். இன்ன ஆப்பை வெச்சு செஞ்சதுன்னு அபௌட் பக்கத்துல உண்மையச் சொல்றது தப்பில்லயாம், அதையும் எழுதுனேன். உசுர வாங்குனது பேக்கேஜ் நேம்தான், ஆண்ட்ராய்டு ஒரு ஆப்ப அடையாளம் கண்டுக்குற உள்பேரு. அத மாத்துனா ஆண்ட்ராய்டுக்கு அது வேற ஆப், அப்டேட்டா போகாது, அதனால ஒவ்வொரு பட்டறைக்கும் வண்டியில போய் பேக்கப் எடுத்து புதுசுல ஏத்துனேன், ஒரு அண்ணன் போன்ல பேக்கப் எடுக்காம பழசத் தூக்கிட்டாரு, ரெண்டு மாசக் கணக்கு போச்சு, நோட்டுல இருந்து நாந்தான் திரும்ப ஏத்துனேன்.

பேர் மாறுனதப் பாத்துட்டு இன்னொருத்தர் கேட்டாரு, "ஏந்தம்பி, ஆப்ப வித்துட்டியா?"

புதுப் பேருக்கு ட்ரேட்மார்க் கேட்டு டிஎம்-ஏ ஃபார்ம் ஆன்லைன்ல போட்டாச்சு, சாஃப்ட்வேர் வர்ற கிளாஸ் 9, தனியாளுக்கு 4,500 ரூபாய், கெடச்சா 10 வருஷம். மொதல்ல கொலுசுக் கணக்குன்னே வைக்கப் பாத்தேன், அது பொருளையே சொல்ற பேரு, ட்ரேட்மார்க் சட்டத்தோட செக்ஷன் 9ல மாட்டும்னு வக்கீல் தடுத்துட்டான். பட்டறையில என்னமோ இன்னும் பழைய பேரச் சொல்லித்தான் கூப்புடுறாங்க.