சிப்பிப்பாறைக் குட்டிக்கு லீஷ் பழக்கியது: ஸ்டிக்கர் இல்லாத அட்டையும் கழன்றுபோகும் பெல்ட்டும்

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டி இப்போது லீஷை (பெல்ட்டில் மாட்டிக் கையில் பிடிக்கும் பட்டையை) இழுக்காமல் தெருமுனை வரை வருகிறது. இதற்குப் பட்ட பாட்டில் பாதி குட்டியால் வந்ததே இல்லை. விற்றவர் கொடுத்த தடுப்பூசி அட்டையாலும், கடையில் நம் தலையில் கட்டப் பார்க்கும் பொருட்களாலும் வந்தது.

முதலில் அட்டை. "ரெண்டு ஊசி போட்டாச்சு" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உள்ளே பேனாவில் எழுதிய தேதி மட்டுமே இருந்தது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் இல்லை, மருத்துவரின் கையெழுத்தும் இல்லை. பயிற்சி வகுப்பில் அதைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலைச்சல் வீண்தான், ஆனால் அவர்கள் செய்தது சரி. கால்நடை மருத்துவர் அந்த ஊசிகளைக் கணக்கில் எடுக்காமல் முதலிலிருந்து தொடங்கினார். வழக்கமாக 6-8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3-4 வாரத்துக்கு ஒன்று என 16 வாரம் வரை போகும். வெறிநோய் ஊசி 12 வாரத்துக்கு மேல். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்பதால், தெருநாய்கள் நடமாடும் இடத்தில் ஊசிகள் முடிவதற்கு முன் குட்டியைத் தரையில் விடவே கூடாது. குட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே அட்டையில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் காத்திருக்கும் அந்த வாரங்கள்தான் லீஷ் பழக்குவதற்கு ஏற்ற காலம். வேலையில் முக்கால்வாசி வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, பஸ், கூட்டம் எல்லாம் காட்டலாம்.

அடுத்து கடை. கேட்டதும் இரும்புச் செயினை எடுத்து நீட்டுகிறார்கள். வளரும் குட்டியின் கழுத்தில் அந்தக் கனம் தொங்கக் கூடாது. இழுத்தால் இறுகும் சோக் செயின் மூச்சுக்குழாயையே நெரிக்கும். 1.5 முதல் 2 மீட்டர் நீளமுள்ள மெல்லிய நைலான் லீஷ், சிறிய கொக்கி, இவ்வளவு போதும்.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவற்றுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து அதைவிடப் பருமன். இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சாதாரண பெல்ட்டைச் சரியாகக் கட்டினாலும், பயந்து பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். கூடுதலாக ஒரு சிறு வளையம் உள்ள மார்டிங்கேல் பெல்ட்தான் தீர்வு. இழுக்கும்போது ஓர் அளவு வரை மட்டும் இறுகி நின்றுவிடும், கழுத்தை நெரிக்காது. கடைகளில் கேட்டுக் கேட்டு அலைந்து, கடைசியில் ஆன்லைனில்தான் கிடைத்தது. நடை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், அந்த வளையம் எதிலாவது மாட்டிக்கொள்ளும். ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) என்றால் நாயின் எடையை வைத்துச் சொல்லும் கிலோ கணக்கை நம்பி வாங்காதீர்கள், இந்த இனத்துக்கு நெஞ்சு ஆழம். முன்னங்கால்களுக்குப் பின்னால் டேப் வைத்து அளந்த பிறகே வாங்குங்கள்.

பெல்ட் பழகுவது எளிது. சாப்பாட்டு நேரத்தில் கட்டினால் சொறிவதை இரண்டொரு நாளில் மறந்துவிடும். பிறகு லீஷை மாட்டி, கண் எதிரே தரையில் இழுத்துத் திரிய விட வேண்டும். கடித்தால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அதுவே விளையாட்டாகிவிடும். பொம்மையைக் கொடுத்து மாற்றுங்கள்.

கையில் பிடிக்கும் கட்டம்தான் பொறுமையைச் சோதிக்கும். நான்கு காலையும் ஊன்றி உட்கார்ந்துவிடும். இழுத்தால் இன்னும் பலமாகப் பின்வாங்கும், அது நாயின் இயல்பு. லீஷைத் தளரவிட்டு, பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து காத்திருங்கள். ஓரடி வைத்தாலும் உடனே பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டைக் கொடுங்கள். உப்பு, மசாலா, எலும்பு கூடாது. துண்டை எப்போதும் உங்கள் இடது காலை ஒட்டியே கொடுத்தால், குட்டி அந்த இடத்தைத் தேடி வரத் தொடங்கும். ஒரு முறைக்கு 3-5 நிமிடம் போதும்.

முன்னால் இழுத்தால் அப்படியே நில்லுங்கள். லீஷ் தளர்ந்ததும் நடங்கள். வீட்டில் ஒருவர் நின்று, இன்னொருவர் இழுத்த பக்கமெல்லாம் போனால் ஒன்றும் பழகாது. எங்களுக்கு இதைப் பெரியவர்களிடம் சொல்லிப் புரியவைத்ததே தனி வேலை.

தெருவுக்கு இறங்கும்போது தாரில் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதம் வெந்துவிடும். தெருநாய்கள் கூடும் முனைகளை முன்பே பார்த்து வைத்து, அதற்கு முன்னாலேயே திரும்பிவிடுங்கள். இவை கண்ணால் பார்த்து வேட்டையாடும் இனம். பூனையோ கோழியோ ஓடினால் சொல்லாமல் பாயும். கைப்பிடி வளையத்துக்குள் கையை விட்டு, பட்டையையும் சேர்த்துப் பிடியுங்கள். குட்டி வேகமாக வளரும், பெல்ட் அளவை வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பார்த்துவிடுங்கள்.