மணத்தூணைப் பற்றி நின்ற நொடி

முழங்கால் வலியால் வெகுநாள் வெளியூர் போகாதிருந்த என் தாயாரைக் கார்த்திகை இறுதியில் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றபோதுதான், தூணைத் தமிழர் ஏன் 'கால்' என்று அழைத்தார்கள் என்பது எனக்கு உறைத்தது. கிழக்கே வெள்ளைக் கோபுர வாசல் வழியாக நுழைந்தோம். பத்தடிக்கு ஒருமுறை அம்மா நின்றார்; நின்ற இடத்திலெல்லாம் ஒரு தூணில் கை வைத்துக்கொண்டார். அந்தத் தூண்கள் இடுப்பளவில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்து, உள்ளங்கைக்கு வழவழவென்று இருந்தன. அவரைப் போல் எத்தனை பேர் பிடித்து நடந்திருக்க வேண்டும்!

சேஷராயர் மண்டபத்தின் முகப்பில், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளே தூண்களாகியுள்ளன. கீழே நிற்கும் வேடன் புலியின் உடலில் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். கூரையைத் தாங்கும் பொறுப்பு அந்தக் குதிரைக்கு இருப்பதாகவே தோன்றவில்லை. அருகிலுள்ள ஆயிரங்கால் மண்டபத்தில் கல்தூண்கள் 953 என்பர். குறைவதை வைகுண்ட ஏகாதசிக்காக நடும் மரக்கால்கள் நிரப்புகின்றன என்பது அங்கு வழங்கும் பேச்சு. முகூர்த்தக்கால் நட்டபின் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. சவுக்குக் கழியும் கால், கருங்கல்லும் கால்; நம் மொழி இரண்டுக்கும் வேற்றுமை பார்க்கவில்லை.

இதற்கும் பழைய சொல் ஒன்று உண்டு. யானை கட்டும் தறிக்கும் தெய்வம் உறையும் மரத்தூணுக்கும் சங்க நூல்கள் வழங்கும் பெயர் 'கந்து'. முருகன் உறையும் இடங்களை அடுக்கும் திருமுருகாற்றுப்படை, 'கந்துடை நிலை'யையும் சேர்த்துச் சொல்கிறது. அதாவது, கூரை ஏதும் தாங்காத தூணையும் நம் முன்னோர் வணங்கியிருக்கிறார்கள். தாயார் சந்நிதிக்கு அருகே, மேட்டழகிய சிங்கர் என்னும் நரசிம்மரின் எதிரில் உள்ள சிறிய மண்டபத்தில்தான் கம்பர் இராமகாதையை அரங்கேற்றினார் என்பது மரபு. 'தூணினும் உளன்' என்று பிரகலாதன் வாயில் வைத்தவர், தூணிலிருந்து வெளிப்பட்டவருக்கு எதிரிலேயே அதைப் பாடினார் என்று எண்ணும்போது, அந்த மண்டபத்தை அவசரமாகக் கடக்க மனம் வரவில்லை.

பெருமாள் சந்நிதிக்கான வரிசை ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிட, பின்னால் ஒருவர், "ஸ்தம்பிச்சுப் போச்சு" என்றார். ஸ்தம்பம் என்றால் தூண். தூண் போல் நின்றுவிடுவது ஸ்தம்பித்தல். நாளிதழ்களில் போக்குவரத்துக்கு மட்டுமே மிஞ்சிவிட்ட அந்தச் சொல்லை அதற்குரிய இடத்திலேயே கேட்டது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அம்மாவின் முழங்காலுக்குத்தான் அது மகிழ்ச்சியாக இல்லை.

கருவறைக்கு முன் இரண்டு திருமணத்தூண்கள் உள்ளன. 'மணத்தூணே பற்றி நின்று' அரங்கனை வாயார வாழ்த்தும் நாள் எந்நாளோ என்று குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் ஏங்கியது இவற்றை எண்ணித்தான். அரங்கனின் அழகு வெள்ளமாகப் பெருகி அடியவரை அடித்துக்கொண்டு போய்விடாதிருக்கப் பற்றிக்கொள்ளும் தூண்கள் இவை என்று வைணவப் பெரியோர் சொல்வார்கள். நாடாண்ட அரசர் ஒருவர், இறைவன் முன் பிடித்துக்கொள்ள ஒரு தூண் வேண்டும் என்று கேட்டது, அவர் கேட்டவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது.

எங்களுக்குக் கிடைத்தவை சில நொடிகள். "நகருங்கோ, நகருங்கோ" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பள்ளிகொண்டவரின் திருமுகத்தை நான் தேடிக்கொண்டிருக்கையில், அம்மாவின் கை என் தோளை விட்டு விலகியதை உணர்ந்து திரும்பினேன். கூட்டத்தின் நெருக்கலில் தடுமாறியவர், பக்கத்திலிருந்த தூணைப் பற்றிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் உள்ளே பார்த்தபடி நின்றார். வெளியே வந்ததும், "எந்தத் தூணைப் பிடிச்சீங்கன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"விழாம இருக்கப் பிடிச்சேன்ப்பா" என்றார்.