நீல கலரை மட்டும் நம்பாதீங்க

ரெண்டு வாரமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் லேப்டாப்ப திறந்து வச்சுக்கிட்டு ஐல் ரோயல் தீவோட ஏரி, ஓடையெல்லாம் மேப்ல ஒண்ணொண்ணா நீலத்துல டிரேஸ் பண்ணிட்டு இருக்கேன். அமெரிக்காவுல சுப்பீரியர் ஏரிக்குள்ள இருக்கற தீவு, மிச்சிகன் மாநிலம், நீளம் 72 கிலோமீட்டர், அகலம் 14 தான், முழுக்க காடு, 1940லேர்ந்து நேஷனல் பார்க், குளிர்காலத்துல மொத்தமா மூடிடுவாங்க. நான் போனதில்ல, மேப் போதும் எனக்கு.

மேப்ப பாத்ததும் யாரோ சீப்பு வச்சு வாரிவிட்ட மாதிரி இருந்துச்சு. மேடு பள்ளம் எல்லாம் வடகிழக்கு தென்மேற்கா வரி வரியா ஓடுது. சுமார் 110 கோடி வருஷத்துக்கு முன்னாடி அடுக்கடுக்கா வழிஞ்ச எரிமலைக் குழம்பு அப்புறம் ஒரு பக்கமா சாஞ்சு, கெட்டிப் பாறை வரப்பா நின்னுடுச்சு, மெத்துன்னு இருந்தது தேஞ்சு பள்ளமாச்சு, பின்னாடி பனிப்பாறை வந்து அதையும் சுரண்டிட்டு போச்சு. அதான் ஏரியெல்லாம் முருங்கைக்கா கணக்கா நீட்டு நீட்டா கிடக்கு.

ஒரே உயரத்துல இருக்கற இடத்தையெல்லாம் சேர்த்து மேப்ல பழுப்புல போடற காண்டூர் கோடு, ஓடையைத் தாண்டற இடத்துல கூரா மடங்கும், கூர் காட்டற பக்கம்தான் தண்ணி வர்ற பக்கம். இத மாத்திப் படிச்சு ஒரு ஓடையை மேட்டு மேல ஏத்திட்டேன், மூணு நாள் கழிச்சுதான் கண்ணுல பட்டுச்சு!

பழைய காலத்துல ஏரோப்ளேன்லேர்ந்து ஜோடி ஜோடியா போட்டோ எடுத்து உயரம் கணக்கு பண்ணுவாங்க, ஆனா காட்டுல போட்டோவுக்கு தெரியறது மர உச்சிதானே. இப்ப லைடார், அதாவது மேலேர்ந்து லேசர் அடிச்சு உயரம் அளக்கறது, லேசர் இலை இடுக்குல பூந்து தரையைத் தொட்டுட்டு வந்துடும், ஆனா தண்ணி அந்த லேசரைக் குடிச்சிடறதால ஏரி இருக்கற இடம் ஓட்டையா வரும், அத நாமதான் தட்டையாக்கணும்.

இதுல பீவர் வேற, மரத்தக் கடிச்சுப் போட்டு அணை கட்டற பிராணி. ஓடையை அடைச்சு குளமாக்கிடும், கொஞ்ச வருஷத்துல இடத்த காலி பண்ணிடும், அணை உடைஞ்சு புல்வெளி ஆயிடும். பழுப்பு கோடு அப்படியே இருக்கும், தண்ணியக் காட்டற நீலம் மட்டும் சர்வே எடுத்த அன்னைக்கு உண்மை, அவ்ளோதான்.

இங்க பெரிய ஏரி சிஸ்கிவிட், சுப்பீரியரை விட சுமார் 17 மீட்டர் உயரத்துல இருக்கு. அதுக்குள்ள ரயன்னு ஒரு தீவு. அந்தத் தீவுல சீசனுக்கு ஒரு குட்டை வரும், குட்டைக்கு நடுவுல ஒரு பாறை தீவா நிக்கும்னு நெட்ல ரொம்ப நாளா ஓடிட்டு இருந்துச்சு. ஆள் நேர்ல போய் தேடிப் பாத்தா குட்டையும் இல்ல பாறையும் இல்ல. இது தெரியறதுக்கு முன்னாடியே நான் நீலத்துல அழகா வரைஞ்சு வச்சிருந்தேன், அந்த லேயர் இன்னும் ஃபைல்ல கிடக்கு, டெலீட் பண்ண மனசே வரல.