பூச்சுக்குள் மறைவதற்கு முன்

எங்கள் ஹாலில் நடுவே ஒரே ஒரு விளக்குதான் இருந்தது. படிக்க உட்காரும் மூலையில் நம் நிழலே புத்தகத்தின் மேல் விழும். அதனால் சுவரில் இரண்டு விளக்குகள், ஷெல்ஃபுக்கு அடியில் ஒரு எல்இடி ஸ்ட்ரிப் போடலாம் என்று முடிவானது. சுவர் மேல் கேசிங் பட்டை ஒட்டி அதற்குள் வயரை விட்டால் வேலை சுலபம்தான். ஆனால் வயர் எதுவும் கண்ணில் படவே கூடாது என்று எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். லைசென்ஸ் உள்ளவர், நிதானமானவர். சோபாவும் அலமாரியும் எங்கே வரும் என்று கேட்டுக்கொண்டுதான் சாக்பீஸைக் கையில் எடுத்தார்.

ரசமட்டம் வைத்துக் கோடு போட்டார். எல்லாம் நேர்க்குத்தாக அல்லது கிடைமட்டமாக. சாய்வாகப் போனால் பைப் மிச்சமாகுமே என்று கேட்டேன். "நாளைக்கு யாராவது படம் மாட்ட ஆணி அடிப்பாங்க சார். சுவிட்ச் பாக்ஸைப் பார்த்தா அதுக்கு நேர் மேலே வயர் போகும்னு தெரியும். சாய்வா போனா எப்படித் தெரியும்?" என்றார்.

பைப்பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்தான் காடி. அதன் ஆழத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நேர்க்குத்தான காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எங்கள் தடுப்புச் சுவர் 115 மி.மீ. அதில் ஆறில் ஒரு பங்கு 19 மி.மீ.தான், 20 மி.மீ. பைப்பே அதற்குள் அடங்காது. எனவே கிடைமட்டமாக வெட்டவே இல்லை. பைப்பை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கொண்டுபோய் விளக்குக்கு நேராக இறக்கினோம். தூண், பீம் பக்கம் கட்டரைக் கொண்டுபோகவும் அவர் சம்மதிக்கவில்லை. தூசி? அதைச் சொல்லி மாளாது, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம்.

நான் ரசித்துப் பார்த்தது பைப்பை வளைத்த விதம். திருப்பத்தில் எல்போ என்ற வளைவுத் துண்டை மாட்டாமல், பிவிசி பைப்புக்குள் ஸ்பிரிங்கை விட்டு, முழங்காலில் வைத்து மெதுவாக அழுத்தினார். வளைவு ஒடுங்காமல் உருண்டையாகவே வந்தது. இரண்டு பாக்ஸுக்கு நடுவில் இப்படி இரண்டு வளைவுக்கு மேல் வைக்கவில்லை.

வயர் இழுக்கும் முன் மெயினை ஆஃப் செய்து, கரன்ட் இல்லை என்று டெஸ்ட் செய்துகொண்டார். விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர்: ஃபேஸ், நியூட்ரல், எர்த். மூன்றின் நுனியையும் சீவி, ஒன்றை விட ஒன்று சற்றுக் குட்டையாக வைத்து, பைப்புக்குள் விட்டு வயரை இழுக்கும் கம்பியான ஃபிஷ் வயரின் கொக்கியில் மடித்து டேப் சுற்றினார். முடிச்சு பருக்காமல் இருக்க அப்படி. வயர் மேல் டால்கம் பவுடர் தூவி, மூன்றையும் சேர்த்தே நான் ஒரு பக்கம் தள்ள, அவர் மறுபக்கம் இழுத்தார். பைப்புக்குள் எங்கேயும் ஜாயின்ட் இல்லை. ஜாயின்ட் எல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸில்தான். பின்னால் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்ட நேர்ந்தால் உதவுமென்று சுவிட்ச் பாக்ஸ் வரை நியூட்ரலும் கொண்டுவரச் சொன்னேன். வீடு கட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஸ்ட்ரிப்புக்கு ஏற்றபடி கரன்டை மாற்றித் தரும் டிரைவரைச் சுவருக்குள் புதைக்காமல் ஷெல்ஃப் கதவுக்குப் பின்னால் வைத்தோம். அது சூடாகும், என்றைக்காவது மாற்றவும் வேண்டிவரும்.

பூசுவதற்கு முன்பே, வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்தார். டிரைவரையும் பல்புகளையும் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை செய்ய வேண்டும், இல்லையென்றால் அவை கெட்டுப்போகலாம். இன்சுலேஷனின் மின்தடை 1 மெகா ஓமுக்குக் கீழே போகக் கூடாது. புது வயர் என்பதால் அதற்கு வெகு மேலேயே காட்டியது. அப்புறம் காடியைத் தண்ணீர் தெளித்து நனைத்து, மேலே கம்பிவலை அடித்துப் பூசினார்கள். வலை இல்லாவிட்டால் காடி போன வழியிலேயே விரிசல் விடும்.

பூசும் முன் நான் செய்த ஒரு வேலை, ஒவ்வொரு காடியையும் பக்கத்தில் அளவுநாடா பிடித்துப் படம் எடுத்து வைத்தது. தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று அதில் தெளிவாகத் தெரியும். பிறகு ஷெல்ஃப் மாட்ட வந்த தச்சரிடம் துளை போடும் முன் அந்தப் படங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரு திருகை நான்கு விரல்கடை தள்ளிப் போட்டார்.