குடிலுக்கு ஏறுவது பாதி நாள்தான்

ஜூலையில் ஒரு சனிக்கிழமை டோல்டன்ஹோர்ன் குடிலுக்கு ஏறிவிட்டு அன்றே இறங்கிவிடுவது என்று நானும் தோழியும் முடிவு செய்திருக்கிறோம். சுவிட்சர்லாந்தில் காண்டர்ஸ்டேக் ஊருக்கு மேலே, 1,915 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குடில், மலையில் நடப்பவர்கள் சாப்பிடவும் தங்கவும் இருக்கும் சின்ன விடுதி. ஊர் 1,176 மீட்டரில். ஆக, ஏறக்குறைய 740 மீட்டர் ஏற்றம், பிறகு அத்தனையும் இறக்கம். நடந்து பழகியவர்களுக்கு நடுத்தரமான பாதைதான். ஆனால் தோழிக்கு இதுதான் முதல் ஆல்ப்ஸ் குடில், அதோடு இறக்கத்தில் அவளுக்கு முட்டி வலிக்கும். அதனால் இந்த முறை உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன்.

கணக்கு எளிது. சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கு ஆகும் நேரம் ஒன்று, உயரத்துக்கு ஆகும் நேரம் ஒன்று, இரண்டில் எது பெரியதோ அதோடு சின்னதில் பாதியைக் கூட்ட வேண்டும். தூரத்தை 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஏறுவதற்கு 3 மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, இறங்குவதற்கு 2 மணி நேரத்துக்கு மேல். உட்காருவது, தண்ணீர் குடிப்பது, போட்டோ எடுப்பது எதுவும் இதில் இல்லை. வழியில் நிற்கும் மஞ்சள் பலகைகளில் போட்டிருக்கும் நேரமும் அப்படித்தான், ஓய்வைச் சேர்க்காத நேரம். பலகையில் குறைவாகப் போட்டிருந்தாலும் நான் என் கணக்கையே வைத்துக்கொள்வேன், ஏனென்றால் முட்டி வலியோடு இறங்குகிறவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு வேறொரு குடிலில் வெயில் நன்றாக இருக்கிறதே என்று மதியம் 2 மணி வரை உட்கார்ந்திருந்தேன். கிளம்பி அரை மணி நேரத்தில் பின்னாலிருந்த மேகம் கறுத்துவிட்டது, மரங்கள் தொடங்கும் இடத்துக்கு இன்னும் வெகு தூரம் இருக்கும்போதே இடி. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணிக்கொண்டே இறங்கினேன், 10 வினாடி வரை எண்ண முடிந்தால் மின்னல் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் என்று அர்த்தம், பிறகு 6, பிறகு 4. அந்தப் பயம் இன்னும் மறக்கவில்லை. கோடையில் ஆல்ப்ஸில் காலை தெளிவாக இருந்து மதியத்துக்கு மேல் இடி மழை வருவது சாதாரணம், வெயில் சூடாக்கிய காற்று சரிவுகளில் மேலேறி மேகமாகிறது. காலை வானத்தைப் பார்த்து மதியத்தை நம்பக் கூடாது.

அதனால் நாளைப் பின்னாலிருந்து திட்டமிடுகிறேன். மதியம் 2.30க்குள் கீழே இருக்க வேண்டும் என்றால் 12 மணிக்குக் குடிலை விட்டுக் கிளம்ப வேண்டும், ஒரு மணி நேரம் அங்கே உட்கார வேண்டும் என்றால் 11க்குப் போய்ச் சேர வேண்டும், அப்படியானால் காலை 7.30க்கு நடக்கத் தொடங்க வேண்டும். 11.30 வரை குடிலை எட்டாவிட்டால் எங்கே இருக்கிறோமோ அங்கேயே திரும்புகிறோம். இதைத் தோழியிடம் இப்போதே சொல்லிவிட்டேன், மேலே போய்ப் பேசினால் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று இருவருக்குமே ஆசை வந்துவிடும்.

பாதை வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி போட்ட மலைப் பாதை. வெறும் மஞ்சள் குறி என்றால் எளிது, வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் எங்களுக்கு வேண்டாம். இருந்தாலும் முந்தைய நாள் குடில் பொறுப்பாளருக்குப் போன் போட்டு வழியில் பழைய பனி இருக்கிறதா, ஏதாவது மூடியிருக்கிறதா என்று கேட்பேன். பாதையைத் தினம் பார்க்கிறவர்கள் அவர்கள், எந்த ஆப்பும் அதற்கு ஈடில்லை. ஆப் என்றால் சுவிஸ் அரசின் சுவிஸ்டோப்போ வரைபடம், அந்தப் பகுதியை முன்பே இறக்கி வைத்துவிட வேண்டும், சிக்னலை நம்ப முடியாது.

பையில் என்ன? ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை (100 மீட்டருக்கு அரை டிகிரிக்கு மேல் குளிர் கூடும், கீழே டீ-ஷர்ட் போதும் என்றால் மேலே போதாது), தொப்பி, டார்ச், கொஞ்சம் பிளாஸ்திரி, தோழிக்கு இரண்டு ஊன்றுகோல். ரொக்கப் பணமும் எடுத்துக்கொள்வேன், எல்லாக் குடிலிலும் கார்டு ஓடும் என்று சொல்ல முடியாது. குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. மேலே சேரும் குப்பையை யாரோ சிரமப்பட்டுத்தான் கீழே கொண்டுவர வேண்டியிருக்கிறது, நாம் அதில் சேர்க்க வேண்டாம். அப்புறம் இருவர் போனிலும் 112, மீட்பு ஹெலிகாப்டருக்கான 1414 இரண்டையும் பதிந்து வைத்தாகிவிட்டது.

வழியில் கன்றோடு பசுக்கள் நின்றால் சுற்றிப் போக வேண்டும் என்பதையும் அவளிடம் சொல்ல வேண்டும். கன்றைத் தொடப் போவாள், எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை வானிலை அறிக்கையில் மதியத்துக்கு முன்பே இடி என்று வந்தால் ஞாயிறு. ஞாயிறும் சரியில்லை என்றால் அடுத்த வாரம், ரயில் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.