டிப்ஸ்டிக் நுனியில் ஒரு துளி

மெக்கானிக் அண்ணன் காரின் எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் ஒரே ஒரு கறுப்புத் துளி. குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. மனசு பதறிவிட்டது.

1,60,000 கிலோமீட்டர் ஓடிய மாருதி 800. அப்பா வாங்கிய வண்டி.

"பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் தேஞ்சிருக்கு தம்பி, ஆயில் குடிக்குது. 5டபிள்யூ-30 வேணாம், 20டபிள்யூ-50 ஊத்துவோம்."

இவை ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்கள். முதல் எண் குளிரில் ஓடும் தன்மை. மதுரை வெயிலில் அதைப் பற்றிப் பெரிய கவலையில்லை. இரண்டாவது எண்தான் முக்கியம். 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது அது. மெல்லிய ஆயில் தேய்ந்த ரிங் இடுக்கில் எளிதாக ஏறி எரிந்துவிடும். சைலன்சரில் நீலப்புகை அதனால்தான்.

வண்டியின் கையேட்டில் உள்ள ஆயில் அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்றேன்.

ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினில் கேட்டுக்கொண்டிருந்த தடதடப்பு அடங்கியது. அப்பா ஓட்டிய காலத்துச் சத்தம்.